மடமும் மாடமும்

எங்கள் ஊருக்கு ஆண்டிமடம் என்று பெயர். "ஆண்டிகள் கூடி மடம் கட்டின கதை" என்ற பழமொழியைச் சொல்லி எங்களைக் கேலி செய்யாத வெளியூர் நண்பர்கள் சொற்பம். இராத்திரியெல்லாம் கூடிப் பேசி, விடிந்ததும் திக்குக்கு ஒருவராய்ப் போய்விட்ட ஆண்டிகளின் மடம் எழும்பவேயில்லை. எங்கள் ஊரார் பெயரளவிலாவது ஒன்றைக் கட்டி முடித்துவிட்டார்கள் என்று நாங்கள் பதில் சொல்லிக்கொள்வது வழக்கம்.

அந்த மடத்துக்கு ஒரு துணைக்காலைச் சேர்த்தால் மாடம் ஆகிவிடுகிறது. குறில் நெடில் பாடம் நடத்துவதற்கு இதைவிட வாய்ப்பான ஜோடி கிடையாது. எழுத்தில் ஒரு கால்தான் வித்தியாசம். பொருளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். மடம் வழிப்போக்கனுக்கு உரியது. ஊர் பேர் கேளாமல் இடம் கொடுப்பது. மாடம் செல்வனுக்கு உரியது. உயரத்தில் இருந்துகொண்டு தெருவைப் பார்ப்பது. ஆயினும் நல்ல மாடம் ஒவ்வொன்றிலும் மடத்தின் குணம் கொஞ்சம் கலந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். பட்டணத்து அடுக்கு வீடுகளின் முகப்பில் அலங்காரமாக வெளியே நீண்டிருக்கும் 'பால்கனி' என்ற சிறு மாடத்தைப் பார்த்தால் இது விளங்கும். அந்தக் குணம் இப்போது அழிந்துகொண்டு வருகிறது. ஆகவேதான் இதை எழுத நேர்ந்தது.

பெயரும் பிறப்பும்

பால்கனி என்பது இத்தாலி தேசத்திலிருந்து வந்த சொல். அதன் வேர் உத்திரத்தைக் குறிக்கும் ஒரு பழைய ஜெர்மானியச் சொல் என்று மொழி நூலார் சொல்வார்கள். சுவரைத் தாண்டி நீண்ட ஓர் உத்திரம், அதன்மேல் ஒரு தளம், விழாமல் இருக்க ஒரு கைப்பிடி, இவ்வளவுதான் பால்கனி.

பெயர் அந்நியமானாலும் பொருள் நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்தின் மனையறம்படுத்த காதையில், கோவலனும் கண்ணகியும் பல நிலை மாடத்தின் நடுநிலத்தில் இருக்கையில் தென்றல் உள்ளே நுழைகிறது. அது நுழையும் வழிக்குக் காலதர் என்று பெயர். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. சன்னலுக்கு இவ்வளவு பொருத்தமான பெயரை வைத்த நம் முன்னோர், அதற்கும் மேலே ஒரு படி போய் நிலாமுற்றம் என்ற திறந்த மேல்தளத்தையும் வைத்திருந்தார்கள். காற்று வீட்டுக்குள் வருவது போதாது, வீட்டார் காற்றைத் தேடி வெளியே வரவும் வேண்டும் என்பதே இதன் தத்துவம்.

ஆனால் அந்த மாடங்கள் நம் கைக்குக் கிடைக்கவில்லை. ஆண்டிமடத்துக்குத் தெற்கே கங்கைகொண்டசோழபுரம் இருக்கிறது. ராஜேந்திர சோழனின் பெரிய கோயில் ஆயிரம் ஆண்டுகளாக நிமிர்ந்து நிற்கிறது. கருங்கல் நின்றது. அருகே மாளிகைமேட்டில் தொல்லியல் துறையார் தோண்டியபோது அரண்மனையின் செங்கல் அடித்தளமும், கூரை ஓடுகளும், இரும்பு ஆணிகளும் கிடைத்தன. அரசர் நின்று வீதியைப் பார்த்த மாடம் எது என்று காட்ட ஒரு கைப்பிடிகூட மிச்சமில்லை. கட்டடத்தில் முதலில் அழிவது மாடமே. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

அரண்மனை மாடம் போனாலும் சாதாரண ஜனங்களின் வீட்டில் அதன் தம்பியான திண்ணை பிழைத்திருந்தது. திண்ணை பத்திரத்தில் வீட்டுக்காரனுக்குச் சொந்தம். அனுபவத்தில் தெருவுக்குச் சொந்தம். மழைக்கு ஒதுங்குகிறவனும், மோர் கேட்கிறவனும், வழக்குத் தீர்க்க வந்தவரும் உட்காருவதற்கு அங்கே அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை. சாதி என்ற பூட்டைச் சில திண்ணைகளில் போட்டிருந்தார்கள் என்பதையும் மறைக்கக்கூடாது. அந்தப் பூட்டு ஒரு கேடு, திண்ணை கேடன்று.

இந்தத் திண்ணை மாடியேறிய விதத்தைக் காண வேண்டுமானால் புதுச்சேரிக்குப் போகலாம். 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த அந்நகரத்தின் தமிழர் வீதிகளில், கீழ்க்கட்டு அசல் தமிழ் வீடு: தெருவோரம் தாழ்வாரம், அதன் உள்ளே திண்ணை, மரத்தூண். மேல்கட்டோ பிரெஞ்சு முறை: வளைவுச் சன்னல், சுண்ணாம்புப் பூவேலை, மரச் சட்டங்கள் அடைத்த நீண்ட மாடம். கீழே வேட்டியும் மேலே கோட்டும் அணிந்த மனிதரைப் போல அந்த வீடுகள் நிற்கின்றன. வேஷம் இரண்டானாலும் உள்ளம் ஒன்றுதான். கீழேயும் மேலேயும் வீடு தெருவைப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறது.

மைதானத்தின் இரு கரைகள்

ஒரு வீட்டின்மேல் இன்னொரு வீடாக நான்கைந்து குடும்பங்கள் அடுக்கடுக்காய் வாழத் தொடங்கியபோதுதான் பால்கனிக்கு யோகம் பிறந்தது. நம் தேசத்தில் அதன் முழு அழகையும் காணப் பம்பாய்க்கே போக வேண்டும். 1995 முதல் அதற்கு மும்பை என்று பெயர்.

அங்கே ஓவல் மைதானம் என்று ஒரு நீண்ட புல்வெளி இருக்கிறது. அதன் கிழக்குக் கரையில் உயர் நீதிமன்றமும் பல்கலைக் கழகத்தின் ராஜாபாய் மணிக்கூண்டும் வானளாவி நிற்கின்றன. இரண்டும் 1878-ல் முடிந்தவை. கூர்மையான வளைவுகளும் கோபுரங்களும் கொண்ட ஆங்கிலேயக் கருங்கல் கம்பீரம். மேற்குக் கரையில் வரிசையாக அடுக்கு வீடுகள். இவை 1930-களில் எழுந்தவை. வழவழப்பான சிமெண்டு முகம், வளைந்த மூலைகள், கப்பலின் மேல்தளம் போன்ற பால்கனிகள். ஒரு கரையில் அரசாங்கம் நின்றது. எதிர்க் கரையில் இந்தியக் குடும்பங்கள் மாடத்தில் உட்கார்ந்து காப்பியும் தேநீரும் அருந்திக்கொண்டு அதைப் பார்த்தன! கீழே நின்று அண்ணாந்து பார்த்த ஜனங்களில் ஒரு சிறு பகுதியேனும் எதிரே சரிசமமாய் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியது அந்தக் கால மாறுதலின் ஓர் அடையாளம் என்று சரித்திரம் கற்பிப்பவனாகிய எனக்குத் தோன்றுகிறது.

1925-ல் பாரிஸில் நடந்த அலங்காரக் கலைக் கண்காட்சியிலிருந்து உலகெங்கும் பரவிய முறை அது. 'ஆர்ட் டெகோ' என்ற பெயர் 1960-களில்தான் வழக்கத்துக்கு வந்தது. கட்டியவர்கள் அதைப் புதுமுறை என்றே நினைத்துக் கட்டினார்கள். ஜி. பி. மாத்ரே முதலிய இந்தியக் கட்டடக் கலைஞர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். 1937-ல் இந்தியக் கட்டடக் கலைஞர் சங்கத்தார் பம்பாய் டவுன் ஹாலில் இலட்சிய இல்லக் கண்காட்சி ஒன்றையே நடத்தினார்கள். பழைய சிற்பத்தின் யாளியும் அன்னமும் போய், உதிக்கும் சூரியன், கடல் அலை, படிப்படியாய் ஏறும் கோபுரம், உறைந்து நின்ற நீரூற்று ஆகிய கோலங்கள் பால்கனியின் இரும்புக் கிராதியிலும் சிமெண்டுப் பட்டையிலும் இடம்பெற்றன. ஒவ்வொரு சன்னலின் மேலும் புருவம் போல் ஒரு பட்டை முகப்பைச் சுற்றி ஓடும். அழகுக்கு அழகு, மேற்குக் கடலிலிருந்து வரும் மழைக்கும் வெயிலுக்கும் குடை. ஓவலையும் மெரைன் டிரைவையும் சேர்ந்த இக்கட்டடங்களை, எதிரேயுள்ள கருங்கல் மாளிகைகளோடு சேர்த்து, 2018 ஜூன் 30-ந் தேதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எதிரும் புதிருமாய் நின்றவை ஒரே பட்டத்தைப் பெற்றன!

நீட்டிய கை

அந்தரத்தில் நீட்டிய இந்தத் தளம் கீழே விழாமல் நிற்பது எப்படி? பிள்ளைகள் கேட்கும் கேள்விதான். பெரியவர்களுக்கும் பதில் தெரிந்திருப்பது நல்லது.

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் நெடுந்தூரம் நடப்பார்கள். அதே குடத்தைக் கையை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் அரை நிமிஷம் தாங்காது. தோளின் மேற்புறத் தசை விண்ணென்று இழுக்கும். பால்கனி என்பது கட்டடம் நீட்டிய கை. அதன் மேற்புறம் இழுபடும், கீழ்ப்புறம் அமுங்கும். கல்லும் காரையும் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்கா. ஆகவே பழைய காலத்தில் பால்கனிக்குக் கல் கொடுங்கையோ, மரக் கையோ, வார்ப்பிரும்புத் தாங்கியோ கீழே முட்டுக்கொடுத்தார்கள். சிமெண்டுக்குள் இரும்புக் கம்பி வைத்து வார்க்கும் வித்தை வந்த பிறகு, இழுப்பைக் கம்பி ஏற்றுக்கொண்டது. முட்டு மறைந்தது, பால்கனி பறவை இறக்கையை விரித்தாற்போல நின்றது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அறையின் கூரைத் தளத்தில் முக்கியமான கம்பி அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும். பால்கனித் தளத்தில் மேற்பக்கத்தில் இருக்க வேண்டும். வார்க்கும்போது கொத்தனாரின் ஆட்கள் கம்பியை மிதித்துக் கீழே அமுக்கிவிட்டால், தளம் பார்வைக்கு அழகாய் இருந்தும் பலம் இல்லாமல் போகும். கடற்கரை ஊரில் இன்னொரு சத்துரு: உப்புக் காற்று. துருப்பிடித்த இரும்பு பருத்துச் சிமெண்டை உள்ளிருந்தே வெடிக்கச் செய்யும். தண்ணீர் வெளியே வழியச் சரிவும், விளிம்பின் அடியில் சொட்டு உள்ளே ஓடாதபடி ஒரு சிறு பள்ளக் கோடும் வேண்டும். அலங்காரம் என்று நாம் நினைக்கும் பல கோடுகள் இப்படிப்பட்ட உபயோகத்தில் பிறந்தவை.

இந்தச் சிமெண்டிலும் நம் தேசத்துச் சரித்திரம் இருக்கிறது. 1904-ல் சென்னையில் கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்டு செய்ய முயன்றார்கள், பலிக்கவில்லை. 1914-ல் போர்பந்தரில் பலித்தது. 1936-ல் பல கம்பெனிகள் சேர்ந்து ஏ.சி.சி. என்ற பெரிய நிறுவனம் உருவாயிற்று. 1939-ல் எங்கள் பக்கத்துத் திருச்சி ஜில்லாவில் டால்மியாபுரம் ஆலை எழுந்தது. அரியலூர்ப் பூமி கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாய் இருந்தது. அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக் கல்லைத்தான் இன்று ஆலைகள் அரைக்கின்றன. பட்டணத்து மாடங்கள் பலவற்றின் அஸ்திவாரம் எங்கள் சீமையின் பள்ளங்களில் இருக்கிறது. ஆகையால் அவற்றைப்பற்றிப் பேச எங்களுக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு!

மாதுங்காவின் மாலை நேரம்

பணக்காரர்களின் கடற்கரை வீடுகளோடு கதை முடிந்துவிடவில்லை. 1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. காற்றும் வெளிச்சமும் இல்லாத நெருக்கமே நோய்க்குத் துணை என்று உணர்ந்து, 1898-ல் நகர அபிவிருத்தி டிரஸ்டை ஏற்படுத்தினார்கள். அவர்கள் வடக்கே வகுத்த புதிய பேட்டைகளில் தாதரும் மாதுங்காவும் சேர்ந்தவை. அகன்ற தெரு, நிழல் மரம், தோட்டங்கள், மூன்று நான்கு மாடிக்கு மிகாத வீடுகள். ரயில்வேயிலும் பாங்குகளிலும் கம்பெனிகளிலும் குமாஸ்தா வேலைக்கு வந்த தென்னிந்தியர்கள் மாதுங்காவில் குடியேறினார்கள். கோயில் வந்தது, 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் வந்தது, இட்டிலிக் கடையும் பூக்கடையும் வந்தன. அவர்களுடைய வீடுகளுக்கும் அதே வளைந்த பால்கனியும் சூரியக் கிராதியும் கிடைத்தன.

அப்படிப்பட்ட வீடு ஒன்றின் மூன்றாம் மாடியில் எனக்குப் பெரியம்மா முறையான ஒரு மூதாட்டி ஐம்பது வருஷத்துக்கு மேலாக இருக்கிறார். அவருடைய பால்கனி நாலடி அகலம், பத்தடி நீளம். காலையில் அது துளசி மாடம்; பத்து மணிக்கு வடாம் காயும் களம்; பகலில் பேரப்பிள்ளைகளின் பள்ளிக்கூடம்; மாலையில் சபா மண்டபம். காய்காரர் கீழிருந்து குரல் கொடுத்தால் கயிற்றில் கூடை இறங்கும். கத்தரிக்காய் ஏறும், சில்லறை இறங்கும், கூடவே ஊர் விசேஷமும் ஏறி இறங்கும். பக்கத்து வீட்டுக் குஜராத்தி அம்மாளோடு அவருக்கு உண்டான சிநேகம் பாஷையில் உண்டானதன்று. இரண்டு கைப்பிடிகளுக்கு நடுவே கைமாறிய கிண்ணங்களில் உண்டானது.

"மூணாம் மாடியிலே இருக்கேன்னு பேரு. ஆனா தெருவிலே இருக்கிற மாதிரிதான் தம்பி" என்று அவர் சொன்னார்.

திண்ணையின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. அந்நகரத்து மில் தொழிலாளர் வசித்த 'சால்' என்ற ஒற்றையறைக் குடியிருப்புகள் பலவற்றில், அறைகளின் வாசலோடு நீளமாக ஒரே மாடம் ஓடும். அதில் எவருக்கும் தனிப் பங்கு கிடையாது. பண்டிகையும் துக்கமும் குழாயடிச் சண்டையும் அங்கேதான். வறுமையை நான் புகழவில்லை. ஓர் அறையில் பத்துப் பேர் படுப்பது பெருமையல்ல. ஆனால் அந்த வறுமையைத் தாங்கிக்கொள்ளும் சக்தியில் ஒரு பங்கை அந்தப் பொது மாடமே கொடுத்தது.

அடைபட்ட மாடம்

இன்று அதே தெருக்களில் அண்ணாந்து பார்த்தால் பால்கனிகள் பலவற்றைக் காணோம். இருந்த இடத்தில் கண்ணாடிச் சன்னலும் அலுமினியச் சட்டமும் இரும்புக் கூண்டும் இருக்கின்றன. குடும்பம் பெருகியது, இடத்தின் விலை ஏறியது, ஒரு கட்டிலுக்கு இடம் வேண்டியிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் விளைவைச் சொல்லாமல் இருக்க முடியாது. அடைத்த மாடத்துக்குப் பின்னால் உள்ள அறை இருளும். காலதர் அடைபட்டால் மின்விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் அதன் வேலையைக் கூலிக்குச் செய்யும். நீட்டிய கையின் நுனியில் ஒரு சுவரையும் அலமாரியையும் வைத்தால், குடம் உதாரணத்தை நினைத்துக்கொள்ளுங்கள்; வேர்ப்பக்கத்தில் இழுப்பு எவ்வளவு கூடும்?

சட்டமும் தன் பங்குக்கு விளையாடியிருக்கிறது. மனையின் பரப்புக்கு இத்தனை மடங்குதான் கட்டலாம் என்று மும்பையில் ஒரு கணக்கு உண்டு. வெகுகாலம் பால்கனிக்கு அதில் ஓரளவு விலக்கு இருந்தது. சலுகையைக் கண்ட கட்டட வியாபாரிகள் பால்கனி என்றும் பூந்தொட்டி மேடை என்றும் பெயர் சொல்லிக் கட்டி, பிறகு அறையோடு சேர்த்து விற்றார்கள். 2012-ல் விதியைத் திருத்தி, எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். மோசடிக்கு வைத்த அணை நியாயமானதே. ஆனால் மாடத்துக்கும் அறைக்கும் ஒரே கணக்கு என்றால், வியாபாரி எதைக் கட்டுவான்? எலிக்குப் பயந்து குதிரையே இடித்த கதையாக முடிந்தது.

பெரியம்மா வீட்டையும் இடித்து உயரமான புதுக் கட்டடம் எழுப்பப் பேச்சு நடக்கிறது. ஓவலுக்கும் மெரைன் டிரைவுக்கும் கிடைத்த உலகப் பட்டியலின் எல்லை மாதுங்கா வரை வராது. பழைய வீட்டில் லிஃப்ட் இல்லை. பெரியம்மா கீழே இறங்கி மாதங்கள் ஆகின்றன. புது வீட்டின் படத்தை அவருக்குக் காட்டினார்கள். அறை பெரியது, குளியலறை இரண்டு, முகப்பு முழுவதும் திறக்காத கண்ணாடி.

"முழங்காலுக்கு லிஃப்ட் வேணும், கண்ணுக்கு மாடம் வேணும். ரெண்டையும் சேர்த்துக் குடுக்க அந்தப் படத்திலே இடமில்லையாம்" என்றார். பிறகு சம்மதக் கையெழுத்தும் போட்டார். அவர் செய்தது சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? இரண்டில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் முன்னால் வைத்ததுதான் தவறு.

பால்கனியின் பெருமையை உலகம் ஒரு தடவை உணரத்தான் உணர்ந்தது. கொரோனா தொற்றுக் காலத்தில், 2020 மார்ச் 22-ந் தேதி மாலை 5 மணிக்கு, பிரதமரின் வேண்டுகோள்படி தேசமெங்கும் ஜனங்கள் வாசலிலும் மாடத்திலும் நின்று மருத்துவ ஊழியருக்கு நன்றியாகக் கை தட்டினார்கள். கை தட்டியதன் பலாபலனைப்பற்றி அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் பின்னர் வந்த ஊரடங்கு நாட்களில், வீட்டை விட்டு இறங்காமலே எதிர்வீட்டு முகத்தைப் பார்க்க ஓர் இடம் இருந்தவர்களும், அது இல்லாதவர்களும் பட்ட பாடு ஒன்றல்ல.

நம் ஊரில் செய்யத்தக்கது

பட்டணத்துக் கதை நமக்கு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். ஆண்டிமடத்திலும் ஜெயங்கொண்டத்திலும் இப்போது மாடி வீடுகள் எழும்புகின்றன. வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் உழைத்த பணம் அது, வியர்வையின் பலன். ஆனால் பாருங்கள், கீழே திண்ணையை எடுத்துவிட்டுக் கார் நிறுத்த இடம் விடுகிறார்கள். மேலே இரண்டடி அகலத்தில் ஒரு பால்கனி. பளபளக்கும் எவர்சில்வர்க் குழாய்க் கைப்பிடி. நாற்காலி போட இடமில்லை. நின்றால் முதுகு கதவில் இடிக்கும். அது உட்காருவதற்கு அல்ல, பார்ப்பதற்கு. கிரகப்பிரவேசத்தன்று போட்டோ எடுத்தபின் அதன் கதவு திறப்பதில்லை.

மாடம் வைப்பதானால் நாலடிக்குக் குறையாமல் வையுங்கள். இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். மேலே ஒரு புருவப் பட்டை போட மறக்காதீர்கள். கிராதியில் எந்தச் சித்திரமும் இருக்கட்டும். கீழே போகிறவன் முகம் தெரியும்படி இருக்கட்டும். ஒருபோதும் அடைக்காதீர்கள். அடியில் ஒரு சிறு திண்ணையையும் விட்டுவைத்தால், உங்கள் மாடத்தின் நிழல் யாருக்காவது உதவும்.

என் பழைய மாணவர் ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு கட்டுகிறார். படத்தில் இரண்டடியாய் இருந்த பால்கனியை, நெடுநேர வாதத்துக்குப் பிறகு, நாலடியாக்கச் சம்மதித்திருக்கிறார். திண்ணை விஷயத்தில் இன்னும் பிடிகொடுக்கவில்லை. வருகிற மாதம் தளம் வார்க்கிறார்கள். கம்பி மேற்பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக நானும் காலையிலேயே போவதாக இருக்கிறேன். திண்ணைப் பேச்சையும் அப்போது மறுபடி எடுக்கலாம்.